கோப்பதும் பிணைப்பதும்

எங்கள் பெரியபுராணக் கூட்டத்தில் முதல் ஆண்டு ஒருவர் பேசினார், நாற்பது பேர் கேட்டோம். பேசியவர் சித்தாந்தம் முறையாகப் பயின்ற பெரியவர். குறை அவரிடம் இல்லை. ஆனாலும் ஆடி பிறப்பதற்குள் பதினோரு பேராகிவிட்டோம். விட்டுப்போன ஒருவரைக் கடைத்தெருவில் பார்த்தபோது காரணம் கேட்டேன். "நான் வரலைன்னா அங்க எதுவும் நின்னுடாதே சார்" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் வேலையைப் பங்கு போட்டோம். இரண்டு காண்டம், 13 சருக்கம், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். சனிக்கிழமைக்குப் பத்துப் பன்னிரண்டு பாடல் என்றாலே முடிக்க ஏழெட்டு ஆண்டு ஆகும். அத்தனை காலம் ஒருவர் தோளில் ஏற்ற முடியாது. ஒருவர் பாட்டைச் சந்தி பிரித்துப் பெரிய எழுத்தில் எழுதி வருவார். ஒருவர் பாடுவார். ஒருவர் சி.கே. சுப்பிரமணிய முதலியார் உரையைப் படித்துவிட்டு வருவார். கோவையில் வழக்கறிஞராக இருந்தவர் எழுதிய அந்த உரை ஏழு பகுதி. எந்தப் பகுதி யார் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்பது எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம்.

இவற்றையெல்லாம்விட முக்கியமான பொறுப்பு ஒன்று உண்டு: அந்த வாரம் வராதவர் வீட்டுக்குப் போய்வருவது. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பக்கவாதம் வந்து படுத்துவிட்ட எங்கள் நண்பரிடம் ஞாயிறுதோறும் போய், முதல் நாள் படித்த பாடல்களை ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டிவிட்டு வருவார். கூட்டம் உயிரோடு இருக்கிறதா என்று யாராவது கேட்டால், நான் அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்வேன்.

மூன்றாம் ஆண்டு முருக நாயனார் புராணம் வந்தது. திருப்புகலூரில் இறைவனுக்குப் பூத்தொண்டு செய்தவர். பொழுது புலருமுன் நீராடி, கோட்டுப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ, கொடிப்பூ என்று நால்வகை மலரும் பறித்துவந்து, கோவை, இண்டை, தாமம், கண்ணி, பிணையல், தொங்கல் என்று வகைவகையாகச் செய்வாராம். உரை பார்த்து வந்தவர் பொருள் சொன்னார். எனக்கு எல்லாமே 'மாலை' என்றுதான் கேட்டது.

கோயில் வாசலில் பூ விற்கும் அக்கா கடைசி வரிசையில் இருந்தார். எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாதவர்; அதுவரை வாய் திறந்ததில்லை. "ஐயா, கோக்கிறது வேற, கட்டுறது வேற, பிணைக்கிறது வேற" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு கூடையை முன்னால் இழுத்தார். அரளியை ஊசியால் கோத்துக் காட்டி, "இது கோவை." சின்ன வட்டமாகச் சுற்றி, "இது சாமி தலைக்கு, இண்டை." காம்பு நீண்ட செவ்வந்தி இரண்டை எடுத்து, நாரைத் தொடாமலே காம்போடு காம்பைப் பின்னினார். "இதுக்கு நூலே வேணாம். ஒண்ணை ஒண்ணு புடிச்சுக்கும்." பெரியபுராணம் பாடிய சேக்கிழார் ஏன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வினைச்சொல் போட்டார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் பூக்கட்டுகிறவர் கையை உற்றுப் பார்த்திருக்கிறார். அந்தக் கை எங்கள் கூட்டத்தில் இரண்டு ஆண்டாக உட்கார்ந்திருந்தது, நாங்கள்தான் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு திருநாவுக்கரசர் புராணத்தில் மறுபடி புகலூர் வந்தது. அதே முருகனாரின் திருமடத்தில் திருஞானசம்பந்தர் தங்கியிருக்கிறார். அப்பர் என்றழைக்கப்படும் நாவுக்கரசர் வந்து சேர்கிறார். வேதியரான திருநீலநக்கரும், ஒருகாலத்தில் பல்லவன் படைக்குத் தலைமை தாங்கிய சிறுத்தொண்டரும் வருகிறார்கள். வயதாலும் குலத்தாலும் தொழிலாலும் ஒட்டாத இத்தனை பேரும் பூத்தொண்டர் ஒருவர் மடத்தில் கூடியிருந்தார்கள் என்பதைப் படிக்கும்போது எனக்குக் குரல் கம்மியது.

அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளும்படி அக்கா கேட்டிருந்தார். ஒற்றை அறை. எதிர்வீட்டிலிருந்து இரண்டு பாய் வாங்கி விரித்திருந்தார். படுக்கையில் இருந்த நண்பரைக் கண்டக்டரும் இன்னொருவரும் ஆட்டோவில் கூட்டிவந்து சுவரோரம் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்தார்கள். அக்கா அவர் கையில் ஒரு செவ்வந்திப் பிணையலைக் கொடுத்துவிட்டு, "பாடுங்க சார், நேரமாகுது" என்றார்.