கண்ணுக்குத் தெரியாத களைப்பு

மலாக்கா மாநிலத்திலுள்ள செலண்டார் வட்டாரம் பால்மரமும் செம்பனையும் வளர்ந்த பகுதியாகும். அங்கே நண்பகல் வெயிலில் ஓர் இளம்பெண் கால் பின்னித் தள்ளாடி நடப்பதாக வைத்துக்கொள்வோம். "காலையில் நன்றாகத்தானே இருந்தாள்! இப்போது என்ன சோம்பல்?" என்று யாரேனும் கேட்டுவிடக்கூடும். அவளுக்குத் தண்டுவட மரப்பு நோய் இருந்தால், அந்தச் சொல் நோயைவிட அதிகமாக வருத்தும்.

இந்நோயால் துன்புற்றவர்களுள் இங்கிலாந்தின் செல்லோ இசைக்கலைஞர் ஜாக்குலின் டு பிரேயும் ஒருவர். 1945இல் பிறந்த அவர், இருபது வயதிலேயே பெரும்புகழ் பெற்றார். 1971 முதல் அவருடைய விரல்களில் உணர்வு குறையத் தொடங்கியது. 1973இல் நியூயார்க் மேடையில், தந்திகளைத் தொடும் உணர்வே இல்லாததால், விரல்களைக் கண்ணால் பார்த்துப் பார்த்து வாசித்தார். அவ்வாண்டு அக்டோபரில்தான் நோய் இன்னதென்று உறுதியானது. அப்போது அவருக்கு வயது 28. வாசிக்க இயலாமற்போன பின்னரும் அவர் மாணவர்களுக்கு இசை கற்பித்தார், 1987இல் காலமானார்.

அவருடைய விரல்களில் காயம் ஏதுமில்லை. அப்படியானால் குறை எங்கே இருந்தது?

முற்காலத்தில் மின்கம்பிகளுக்கு இரப்பரை உறையாகப் போர்த்தினர். உறை கிழிந்தால் மின்சாரம் ஒழுங்காகச் சென்று சேராது. மூளையிலிருந்து செய்தி கொண்டு செல்லும் நரம்பிழைகளுக்கும் மயலின் எனும் கொழுப்பு உறை உண்டு. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பாற்றலே, வேலியே பயிரை மேய்வது போல, மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள இந்த உறையைத் தாக்குகிறது. தாக்கப்பட்ட இடங்கள் தழும்பேறி மரத்துப் போகின்றன. அதனால் செய்தி தாமதமாகிறது. சில வேளைகளில் நின்றும் விடுகிறது. பார்வை நரம்பு பாதிக்கப்பட்டால் கண் மங்கும். வேறிடம் பாதிக்கப்பட்டால் கை மரக்கும், நடை தள்ளாடும். ஒருவருக்குத் தோன்றும் அறிகுறி மற்றவருக்குத் தோன்றாதிருப்பது இதனால்தான். ஆனால், காரணமின்றி வரும் கடுங்களைப்பு பலருக்கும் பொதுவானது.

உடற்சூடு சற்றே கூடினாலும், உறை நைந்த நரம்பில் செய்தி மேலும் தடைபடும். உடல் குளிர்ந்ததும் பெரும்பாலும் பழைய நிலை திரும்பும். காலையில் நடந்தவள் நண்பகலில் தள்ளாடுவது நடிப்பன்று.

இந்நோய் பெரும்பாலும் 20 முதல் 40 வயதிற்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் தாக்குகிறது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் இது அரிதாகவே காணப்படுகிறது. ஆகவே, மலேசியாவில் பலர் இதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருப்பதில்லை. அறியாமையால் நோயாளியைச் சோம்பேறி என்று பழிப்பதும் எளிதாகிவிடுகிறது.

முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. எனினும், நோயின் தாக்குதலைக் குறைக்கும் மருந்துகள் 1990களிலிருந்து கிடைக்கின்றன. காலந்தாழ்த்தாமல் மருத்துவரை நாடினால் பல ஆண்டுகள் படிக்கலாம், பணிபுரியலாம், குடும்பம் நடத்தலாம்.

மருத்துவர் தருவது மருந்து. அயலார் தரக்கூடியவையும் உண்டு: வெயிலில் நிற்பவளுக்கு நிழலில் ஓர் இருக்கை, குடிக்கக் குளிர்ந்த நீர், "களைப்பாக இருக்கிறது" என்று அவள் சொன்னால் அதை நம்பும் மனம்.