நொய்யலை அளந்தவர்கள்

திருப்பூரைப் பற்றி ஆராய்ச்சி செய்யாத துறை இல்லை. பொருளாதாரம் படித்தவர்கள் வந்து ஏற்றுமதிக் கணக்கு எழுதிக்கொண்டு போனார்கள். வேதியியல் படித்தவர்கள் நொய்யல் தண்ணியைச் சீசாவில் மொண்டுகொண்டு போனார்கள். மண்ணைக் கிண்டியவர்கள், வக்கீல்கள், மானிடவியல்காரர்கள் என்று முப்பது வருசத்துக்கு மேலாக ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள். எங்க வளவுக்கும் வந்திருக்காங்க. எனக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஞாயித்துக்கெழமைகளில் இவர்களுக்கு வழிகாட்டியாகப் போவேன். கேள்வித்தாளைப் படித்துக் காட்டி, எங்க சனங்க சொல்வதை எழுதிக் கொடுப்பேன். அந்த அனுபவத்தில் இருந்துதான் இதை எழுதுகிறேன். இந்த ஆராய்ச்சியெல்லாம் நமக்கு வேண்டியதுதான். ஆனா ஒவ்வொருத்தரும் அவரவர் துறையின் வேலிக்குள் நின்று அளக்கிறவரைக்கும், வேலிக்கு வெளியே கிடக்கிற சேரி யார் கணக்கிலும் வராது.

நொய்யல் கேஸையே எடுத்துக்கலாம்.

பருத்தித் துணியில் சாயம் ஏறிப் பிடிக்க உப்பு வேணும். பட்டறைகளில் மூட்டை மூட்டையாக உப்புப் போடுவார்கள். துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும், உப்பைத் தண்ணியிலேயே விட்டுவிடும். சுண்ணாம்பும் ரசாயனமும் போட்டுச் சுத்திகரித்தால் நிறம் தெளியும், உப்பு போகாது. அந்தத் தண்ணிதான் ஆத்தில் இறங்கி, 1992-ல் பாசனத்துக்கென்று கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கியது. சுத்துவட்டாரக் கிணறுகள் உப்பாயின. தோட்டங்கள் கருகின. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். தண்ணியை அளந்தவர், மண்ணை அளந்தவர் தந்த எண்கள் கையில் இருந்ததால் அந்த வழக்கு நின்றது. கழிவுநீரே வெளியேறாத நிலைக்குப் பட்டறைகள் வந்தாக வேண்டும் என்று 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கெடு வைத்தது. 2011 சனவரியில், அதைச் செய்யாத பட்டறைகளை மூடச் சொன்னது. பல துறைக்காரர்கள் தனித்தனியாகச் செய்த வேலை ஒரு வழக்கில் ஒன்று சேர்ந்தால் எவ்வளவு பெரிய தொழிலையும் நிறுத்திக் கேள்வி கேட்க முடியும் என்பதற்கு இது சாட்சி.

இனி நட்டஈட்டுக் கணக்கைப் பாருங்க. சூழல் இழப்பீட்டுக்காக அமைத்த ஆணையம் 2004-ல் 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய் என்று நிர்ணயித்தது. அளவுகோல் ஏக்கர். நிலத்துக்குப் பட்டா இருக்கிறது, சர்வே எண் இருக்கிறது, எத்தனை தென்னை என்று எண்ண முடிகிறது. அந்தத் தென்னைக்குத் தண்ணி கட்டினவனுக்கு என்ன இருக்கிறது?

எங்கப்பன் பண்ணையாள். வருசச் சம்பளத்துக்கு ஒரே தோட்டத்தில் முப்பது வருசத்துக்கு மேல் வேலை செய்தவர். கிணத்தில் சாயத் தண்ணி ஊறி, தென்னை மொட்டையான பிறகு ஒருநாள் பண்ணாடி கூப்பிட்டுச் சொன்னார்: "ஏன்டா, தோட்டமே போச்சு. உனக்கென்னடா வேலை குடுக்கறது?" எங்கப்பன், "செரிங்க சாமி" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். வேலை செய்ததுக்குச் சீட்டு இல்லை, கணக்கு நோட்டு பண்ணாடி வீட்டில். பின்னாடி பண்ணாடிக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று பணம் வந்தது. எங்க வளவில் ஒரு வீட்டுக்கும் வரவில்லை.

இதை ஒரு பண்ணாடியின் கெட்ட மனசு என்று தள்ளிவிட முடியாது. வேதியியல்காரர் உப்பை அளந்தார், சரியாகத்தான் அளந்தார். மண்காரர் விளைச்சல் இழப்பைச் சொன்னார். சட்டக்காரர் அதை ஏக்கராக்கினார். பண்ணையாள் முறை தெரிந்த ஒருத்தர் அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தால், ஒரு ஏக்கர் காய்ந்தால் எத்தனை ஆள் கூலி காயும் என்று கேட்டிருப்பார். காய்ந்த கூலியை நாள் கணக்கில் எண்ணியிருக்கலாம். வளவுக் கெழவிகளைக் கேட்டிருந்தால் வாயாலேயே கணக்குச் சொல்லியிருப்பார்கள்.

தோட்டம் போனபிறகு நாங்க பனியனுக்கு வந்தோம். இங்கேயும் அதே கதைதான். 2024-25-ல் திருப்பூர் ஏற்றுமதி 40,000 கோடி ரூபாயை ஒட்டி வந்துவிட்டது. எப்படி வளர்ந்தது என்று கேட்டால் முதலாளிமார் சொல்லும் ஒரே வார்த்தை, உழைப்பு. புவியியல் ஆய்வாளர் ஷரத் சாரி இந்த வார்த்தையைக் காதில் வாங்கிக்கொண்டு, 2004-ல் 'பிரட்டர்னல் கேப்பிட்டல்' என்ற நூலை எழுதினார். கவுண்டர் சாதி விவசாயிகள் தொழிலாளியாக வந்து முதலாளியான வரலாற்றை, தோட்டத்தில் தொடங்கிக் கம்பெனி வரைக்கும் தேடிப்போனார். கம்பெனியை மட்டும் பார்த்திருந்தால் மெசின் கணக்கோடு முடிந்திருக்கும். எங்கப்பனும்தான் உழைச்சார். கவலை ஓட்டினார், அந்தச் சாலுக்குத் தோல் தைத்துக் கொடுத்தது எங்க பாட்டன். அந்த உழைப்பு ஏன் மூலதனம் ஆகலே? நிலம் யாருக்கு இருந்தது, சொந்தபந்தத்தில் கைமாத்துக் குடுக்க ஆள் யாருக்கு இருந்தது என்று வரலாறும் சாதியும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கிரேஸ் கார்ஸ்வெல் புவியியல்காரர், கீர்ட் டி நேவ் மானிடவியல்காரர். ரெண்டு பேரும் சேர்ந்து திருப்பூர் வட்டாரக் கிராமங்களில் வேலை செய்தார்கள். ஊர்ப்பேரை மாற்றித்தான் எழுதியிருக்கிறார்கள். ஒரு ஊரில் தலித் இளைஞர்கள் திருப்பூர் வேலைக்குப் போய்ப் பண்ணாடி பிடியில் இருந்து கொஞ்சம் விலகியிருக்கிறார்கள். இன்னொரு ஊரில் பண்ணாடிகளே விசைத்தறி முதலாளிகளாகி, முன்பணம் கொடுத்துத் தலித் குடும்பங்களைத் தறியில் கட்டிப் போட்டிருக்கிறார்கள். ஒரே வட்டாரம், ரெண்டு விதி. வெளிநாட்டு வியாபாரியின் ஆடிட்டர் கம்பெனி கேட்டுக்குள்ளே தீயணைப்பான் எண்ணிப் பார்த்துவிட்டுப் போகிறார். முன்பணத்துக் கடன் வளவில் இருக்கிறது. அதைப் பார்க்க வளவுக்கு நடக்கணும், பல மாசம் உட்காரணும், வட்டிக் கணக்கும் தெரிந்திருக்கணும்.

உயிர் போகிற விசயத்துக்கு வருகிறேன். 2025 மே மாதம் பல்லடம் பக்கம் கரைப்புதூரில், ஒரு சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய வேலையில் தலித் தொழிலாளிகள் மூன்று பேர் செத்துப்போனார்கள். இந்தமாதிரித் தொட்டிச் சாவுகளில் வேதியியலைக் கேட்டால், மூடிய தொட்டியில் கழிவு அழுகினால் ஐதரசன் சல்பைடு உண்டாகும் என்று சொல்லும். மருத்துவத்தைக் கேட்டால், வாயு அளவு கூடினால் மூக்கு மரத்து நாத்தமே தெரியாது, சில மூச்சில் ஆள் விழுந்துவிடுவான் என்று சொல்லும். சட்டத்தைக் கேட்டால், 2013 சட்டம் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதைத் தடை செய்திருக்கிறது, 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சம் ஆக்கியிருக்கிறது என்று சொல்லும். மூன்றும் உண்மை. இறங்கினவன் ஏன் எப்பவும் நம்ம ஆளாகவே இருக்கிறான்? போஸ்ட்மார்ட்டம் தாளில் இந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை. வாயு சாதி பார்க்காது. மூடியைத் திறந்து ஆளைக் கூப்பிடுகிறவன் பார்க்கிறான்.

இப்படித் துறை தாண்டிக் கேட்பது வெளிநாட்டார் கொண்டுவந்த புதுசு கிடையாது. அம்பேத்கர் கொலம்பியாவில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தபோதே, 1916-ல் மானிடவியல் கருத்தரங்கில் சாதியின் தோற்றம் பற்றிக் கட்டுரை வாசித்தார். 1918-ல் துண்டு நிலங்களின் பிரச்சனையை எழுதினார். பாரிஸ்டர் படிப்பும் முடித்தார். 1948-ல் தீண்டப்படாதார் பற்றிய நூலில், பார்ப்பனர் மூக்களவையும் தீண்டப்படாதார் மூக்களவையும் ஒப்பிட்டு, தீண்டாமைக்கு இனவேறுபாடு காரணமில்லை என்று காட்டினார். மூக்கை அளந்த எண்கள் அவர் எடுத்ததல்ல, அடுத்தவர் எடுத்தது. அந்த எண்களிடம் அவர் கேட்ட கேள்விதான் நம்முடையது.

படிக்கிற தம்பி தங்கச்சிகளுக்கு நான் சொல்வது இதுதான். வேதியியல் படிக்கிறவர் சமூகவியல் நமக்கெதுக்கு என்று இருக்காதீங்க. சட்டம் படிக்கிறவர் தொட்டியின் ஆழத்தையும் தெரிஞ்சுக்குங்க. இலக்கியம் படிக்கிறவர் கெழவி சொல்லும் கூலிக்கணக்கை அப்படியே எழுதுங்க, அதுவும் ஆவணம்தான். கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு வளவுக்கு வரும்முன்னே அதில் ரெண்டு கேள்வி சேருங்க: இந்தக் கெடுதலால் கூலி இழந்தவர் யார், எத்தனை நாள்? ஆபத்தான வேலைக்கு இறக்கப்பட்டவர் என்ன சாதி? எழுதி முடித்ததும் தமிழில் ஒரு பிரதி எங்களுக்குக் குடுங்க. வளவில் வாசிச்சுக் காட்ட ஆள் இருக்கு. தப்பிருந்தால் நாங்களே திருத்தித் தருகிறோம்.