கோஸ்ட் டவுனுக்கு ஆடலாமா?

ஸ்கா எண்டால் கால்தான் முதல்ல கேக்கும், காது பிறகுதான். ரெகேக்கு மூத்த அண்ணன், ஜமெய்க்காவில பிறந்தது. தாளத்தின்ர இடைவெளியில கிட்டார் வெட்டும், மேல ட்ரம்பெட், ட்ரொம்போன். 1964இல் கிங்ஸ்டனில் சேர்ந்த ஸ்கடலைட்ஸில இருந்து தொடங்குங்கோ.

பிறகு இங்கிலாந்தின் கொவென்ட்ரி. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில நிண்ட த ஸ்பெஷல்ஸ். 1981இல் வேலையில்லாமல் வெறிச்சோடின நகரங்களைப் பற்றின அவர்களின் 'கோஸ்ட் டவுன்' தரவரிசையில் முதலிடத்தில் இருக்கேக்க, வெளியில தெருக்களில கலவரம். அந்த வருசமே குழுவும் உடைஞ்சுது. நான் வேலை தேடித் திரிஞ்ச மாதங்களில இரவிரவாக் கேட்டது இதைத்தான். ஒருநாளும் ஆடேல்ல. ஆடலாமோ எண்டு இண்டைக்கும் தெரியேல்ல.

வெனிசுவேலாவின் டெசோர்டன் பப்ளிகோவையும் விட்டிடாதேங்கோ. டோக்கியோ ஸ்கா பரடைஸ் ஓகெஸ்ட்ரா 1985இல் தொடங்கி இன்னும் கோட் சூட்டோட குதிக்கினம். அவையோட மட்டும் யோசிக்காமல் ஆடுவன்.