கடுகண்ணாவையில் முன்பாரம்

கேரவனைக் கெப் வண்டியில் பூட்டி இழுப்பவர்கள் கட்டாயம் சொல்லும் விதி ஒன்று உண்டு. பூட்டிய பிறகு கேரவன் மட்டமாக நிற்க வேண்டும், இல்லையென்றால் மூக்கு ஒரு விரலளவு தாழ்ந்திருக்கலாம், நிமிரக் கூடாது. ஏன் என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கனடாவிலிருந்து வந்த மச்சான் ஒரு டபுள் கெப் வாங்கி, கண்டியிலேயே ஒரு சிறிய கேரவனும் செய்வித்தார். அதன் பின்னால் அலைந்ததில் அந்த விதியின் பூர்வீகத்தைத் தேடும் வேலை என் தலையில் விழுந்தது.

கட்டுகஸ்தோட்டையில் வெல்டிங் கராஜ் வைத்திருக்கும் நானா ஒருவர், வண்டி உள்ளே வரும்போதே தலையை ஆட்டினார்.

"மூக்கத் தூக்கிட்டு நிக்கிது தம்பி. எல்லாம் பின்பாரம். இத இழுத்துட்டு கடுகண்ணாவ இறங்கக்குள்ள வால ஆட்டும்."

கேரவனை அதற்கு முன் நானா தொட்டதே இல்லை. பிறகு எப்படித் தெரியும்? அவருடைய வாப்பா மாத்தளைப் பக்கம் மாட்டு வண்டி ஓட்டியவர். "கரத்தைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் ரெண்டு சில்லுதானே?" என்றார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒற்றை அச்சில் நிற்கும் எந்த வண்டியும் தராசுதான். அச்சுக்கு முன்னால் உள்ள எடை மூக்கை அமுக்கும், பின்னால் உள்ளது தூக்கும். மாட்டு வண்டியில் அந்த மூக்கு நுகத்தடி. முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நசியும். பின்பாரம் கூடினால் நுகம் மேலெழும்பிக் கழுத்துக் கயிறு தொண்டையை இறுக்கும். ஏற்றத்தில் பாரத்தின் மையம் பின்னுக்கும் இறக்கத்தில் முன்னுக்கும் சாயும். ஏற்றத்தில் வண்டிக்காரர் முன்னே நகர்ந்து உட்கார்வதும் இறக்கத்தில் பின்னே போவதும் இதனால்தான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 750 கிலோ பாரத்தின் மையம் அச்சுக்கு ஒரு மீட்டர் மேலே இருக்கிறது, நுகம் அச்சிலிருந்து 3 மீட்டர் தள்ளி, சரிவு பத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஏற்றத்தில் மாட்டின் கழுத்திலிருந்து 25 கிலோ குறையும், இறக்கத்தில் 25 கிலோ கூடும். நடுத்தர உடம்புள்ள ஓர் ஆள் வண்டிக்குள் ஒரு மீட்டர் முன்னும் பின்னும் நகர்ந்தால் இதில் பெரும்பகுதி சரியாகிவிடும்.

கண்டிக்கு இந்த வித்தை எப்போது வந்திருக்கும்? மன்னர் காலத்தில் மலைநாட்டுக்குள் வண்டி ஓட வழி கிடையாது. நல்ல பாதை எதிரிக்கும் நல்ல பாதை என்பதை அரண்மனை நன்றாக அறிந்திருந்தது. சரக்கு பொதி மாட்டில் போனது. அதைக் கவனிக்க மடிகே பத்த என்றொரு தனித் திணைக்களமே இருந்தது. முஸ்லிம்கள் பலர் அதில் சேவை செய்தார்கள். பொதி மாட்டுக்குத் தேவை இடமும் வலமும் சமமான பாரம். முன்னா பின்னா என்ற கவலை வண்டியோடுதான் வர முடியும், வண்டியோ வீதியோடு.

அந்த வீதியைப் பார்க்க நான் பிலிமத்தலாவை வழியாகக் கடுகண்ணாவைக் கணவாய்க்குப் போனேன். 1815இல் கண்டி வீழ்ந்தபின், ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு–கண்டி வீதி வெட்டப்பட்டது. வேலையை முன்னின்று நடத்திய கப்டன் டோசன் 1829இல் இறந்தார். 1832இல் எழுப்பிய அவரது நினைவுக் கோபுரம் இன்றும் கணவாயின் உச்சியில் நிற்கிறது. கொஞ்சம் கீழே, துளைத்த பாறை. இப்போதைய வீதி அதை ஒதுக்கிவிட்டுப் போக, வந்தவர்கள் குகைக்குள் நின்று செல்பி எடுக்கிறார்கள். வீதி போட்ட தாமஸ் ஸ்கின்னர் பையனாக இருந்தபோதே இந்த வேலைக்கு வந்து, பின்னாளில் தன் ஐம்பது ஆண்டு இலங்கை வாழ்க்கையை நூலாக்கியவர். மண் சுமந்தவர்களுக்குக் கோபுரமும் இல்லை, நூலும் இல்லை.

பிறகு கோப்பி வந்தது. 1867இல் ரயில் கண்டியைத் தொடும்வரை தோட்டத்துக் கோப்பி கொழும்புக்கு இறங்கியதும், கூலியாட்களுக்கான அரிசி மேலே ஏறியதும் மாட்டு வண்டியில்தான். கண்டிச் சீமையில் முன்பாரக் கணக்கு பொதுவறிவாகப் பரவிய காலம் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் முடிவு. அடுத்த கைமாற்றமும் நம் கண்முன்னே இருக்கிறது. 1950களில் பொறியியலாளர் ரே விஜேவர்தன உருவாக்கிய இரு சக்கர உழவு இயந்திரத்தை லேண்ட் மாஸ்டர் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. எருமைக்குப் பதிலாக இயந்திரத்தை ஓட்டச் சொன்ன அவரே பிற்காலத்தில் அதைக் கேள்வி கேட்டார் என்பது தனிக் கதை. லேண்ட் மாஸ்டருக்குப் பின்னால் பூட்டும் ட்ரெய்லரும் ஒற்றை அச்சுதான். ஓட்டுபவர் அதன் முன்விளிம்பில் உட்கார்கிறார். பாரம் பின்னுக்குப் போனால் முன்னிருக்கும் இயந்திரத்தின் டயருக்குப் பிடி குறையும். மாட்டின் கழுத்து இருந்த இடத்தில் இப்போது இரும்பு.

இத்தனையையும் கேட்ட பேராதனைப் பொறியியல் பீட நண்பர் ஒருவர் சிரித்துவிட்டு, "மூக்கு நிமிர்ந்தால் பாரம் பின்னுக்குப் போகும் என்கிறீர்களே, எவ்வளவு போகும்?" என்றார். கணக்கைச் சொன்னார். மச்சானுடைய கேரவன் 1,100 கிலோ. கெப்பில் பூட்டும் கொளுவியிலிருந்து அச்சு மூன்றரை மீட்டர். பாரத்தின் மையம் அச்சுக்கு 60 சென்டிமீட்டர் மேலே. மூக்கு 7 சென்டிமீட்டர் நிமிர்ந்தால் கொளுவியில் குறைவது நான்கு கிலோவுக்கும் கீழே. இரட்டை அச்சுக் கேரவன் என்றால் கதை வேறு. நிமிர்ந்தால் எடை பின் அச்சில் குவிந்து அந்த டயர்கள் வதைபடும். ஒற்றை அச்சில் நிமிர்ந்த மூக்கு பெரும்பாலும் அடையாளம்தான்: கொளுவி உயரம் தவறு, அல்லது பாரம் பின்னால்.

கேரவன் இடமும் வலமுமாக அலையும் வாலாட்டத்தை அவர் ஓடும் ட்ரெட்மில்லில் ஒரு விளையாட்டு ட்ரெய்லரை வைத்துக் காட்டினார். எடையை அச்சுக்கு முன்னே வைத்து விரலால் தட்டினால் இரண்டு ஆட்டத்தில் அடங்கிவிட்டது. அதே எடையைப் பின்னே வைத்ததும் ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகி, ட்ரெய்லர் முன்னிருந்த பொம்மைக் கெப்பையும் சேர்த்துப் புரட்டியது. பெல்ட்டின் வேகத்தைக் குறைத்தால் பின்பாரத்திலும் ஆட்டம் வளரவில்லை. அமெரிக்காவில் கேரவனின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொளுவியில் இருக்க வேண்டும் என்பார்கள். ஐரோப்பாவில் அதைவிடக் குறைவாகவே வைக்கிறார்கள்.

எங்களுடையதை அளந்தோம். வீட்டுத் தராசு அந்த எடையைத் தாங்காமல் போகலாம். ஆகவே பலகையின் ஒரு முனையைச் செங்கல்லிலும் மறுமுனையைத் தராசிலும் வைத்து, செங்கல்லிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் கொளுவியை இறக்கி, தராசு காட்டியதை மூன்றால் பெருக்கினோம். 40 கிலோ. நான்கு சதவீதம்கூட இல்லை. 80 லீற்றர் தண்ணீர்த் தாங்கியைப் பின்சுவரிலிருந்து அச்சுக்கு முன்னே மாற்றி, பற்றரியையும் முன்னால் கொண்டுவந்ததும் 120 ஆயிற்று.

அந்த 120 கெப்பை எப்படி அமுக்கும் என்பதும் சுவையான கணக்கு. கொளுவி பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால், இரு அச்சுக்கும் இடையே 3 மீட்டர் என்றால், பின் அச்சில் கூடுவது 168 கிலோ. முன் அச்சிலிருந்து 48 கிலோ போய்விடும். ஸ்டியரிங் இலேசாகும், முன்விளக்கு எதிரே வருபவன் கண்ணைப் பார்க்கும். இதைச் சரிசெய்ய எடையை முன் அச்சுக்குத் திருப்பித் தள்ளும் வில்கம்பிக் கொளுவிகள் உண்டு. எங்கள் எடைக்கு அது தேவைப்படவில்லை. எல்லாச் சாமானையும் ஏற்றி, கெப்பின் பின்வில் இறங்கிய பிறகு, கொளுவியின் உயரத்தைக் கடைசியாக வைத்தோம். கேரவன் சட்டத்தின் முன்முனைக்கும் பின்முனைக்கும் நிலத்திலிருந்து அளந்தால் முன்னே ஒரு விரல் குறைவு. (இதை அளக்க மட்டமான நிலம் வேண்டும். கண்டியில் அதைத் தேடுவதே தனி வேலை. கடைசியில் கெட்டம்பேப் பக்கம் கிடைத்தது.)

நானாவுக்கும் நண்பருக்கும் ஒரே ஓர் இடத்தில் ஒத்துவரவில்லை. இறக்கத்தில் பாரத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ள வேண்டும், வாப்பா அப்படித்தான் செய்வார் என்கிறார் நானா. மாட்டுக்கு அது சரி என்கிறார் நண்பர். மாடு நடந்து போகிறது, கழுத்து வலிக்கிறது, வாலாட்டம் அதற்குத் தெரியாது. கெப்புக்குக் கழுத்து வலி இல்லை. ஆனால் கேரவன் பின்னாலிருந்து தள்ளும் இறக்கத்தில்தான் ஆட்டம் எளிதில் பிறக்கும், அங்கேதான் முன்பாரம் அதிகம் தேவை. நான் நண்பரின் பக்கம். முன்பாரம் கரத்தையிலிருந்து வந்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. வாலாட்டப் பயம் வேகத்தோடு பிறகு வந்தது. மச்சான் தண்ணீர்த் தாங்கியை நிரப்பிக்கொண்டு, இரண்டாம் கியரில், மாவனெல்லைப் பக்கம் இறங்கிப் போனார். வால் ஆடவில்லை. நானா மட்டும், மெதுவாகப் போனதால்தான் ஆடவில்லை என்கிறார்.