முட்டுக்கட்டை

மலை ஏறுகிறவர்களைப் பற்றிப் படிப்பதில் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஏறுவதில் அல்ல. பழனிப் படியிலேயே மூன்று இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்கிற ஜாதி நான். ஆனால் சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பிறத்தியார் பனிப்பிளவில் விழுவதையும் கரையேறுவதையும் படிக்க யாருக்குத்தான் கசக்கும்?

படிக்கும்போதெல்லாம் ஒரு சந்தேகம் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. பனிப்பாளத்தின் மேல் இரண்டு பேர் ஒரே கயிற்றில் தங்களைப் பிணைத்துக்கொண்டு போகிறார்கள். ஒருவன் பிளவுக்குள் விழுந்து தொங்குகிறான். மேலே இருப்பவன் ஒற்றை ஆள். எண்பது கிலோ எடையை, அதுவும் காலடியில் வழுக்குகிற பனியில் நின்றுகொண்டு, அவன் எப்படித் தூக்குவான்?

கல்லூரியில் பௌதிக வாத்தியார் கரும்பலகையில் வரைந்து காட்டிய கப்பிதான் விடை. நம் வீட்டுக் கிணற்றுச் சகடையும் கப்பிதான். ஆனால் அது பாரத்தைக் குறைப்பதில்லை. மேலே இழுக்க வேண்டியதைக் கீழே இழுக்கும்படி திசையை மாற்றிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். லாபம் வேண்டுமானால் கப்பியும் பாரத்தோடு நகர வேண்டும். மலைக்காரர்கள் செய்வது இது: தொங்குகிறவனிடமிருந்து வரும் கயிறு, பனியில் இறுக்கிய முளையிலுள்ள ஒரு கப்பியைச் சுற்றித் திரும்புகிறது. பிறகு, பாரம் தாங்கும் அதே கயிற்றின் மேல் கட்டிய இரண்டாவது கப்பியைச் சுற்றிக்கொண்டு இழுக்கிறவன் கைக்கு வருகிறது. பார்வைக்கு ஆங்கில 'இஸட்' எழுத்துத்தான். பாரத்தை இப்போது மூன்று இழை பங்கிட்டுக்கொள்கின்றன. எண்பது கிலோவுக்கு இருபத்தேழு கிலோ பலம் போதும். இதற்குத்தான் இயந்திர லாபம் என்று பெயர்.

லாபம் என்றால் இனாம் அல்ல. நண்பன் ஒரு மீட்டர் உயர, இவன் மூன்று மீட்டர் கயிறு இழுத்தாக வேண்டும். உராய்வு வேறு தன் தரகை எடுத்துக்கொள்ளும். கப்பி கைவசம் இல்லாமல் வெறும் இரும்பு வளையத்தில் கயிற்றை ஓட்டினால், மூன்று பங்கு லாபம் ஏறக்குறைய இரண்டாகச் சுருங்கிவிடும். பனி விளிம்பில் கயிறு அறுத்துக்கொண்டு புதைந்துவிட்டால் அதுவும் தேறாது.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. இழுக்க இழுக்க இரண்டாவது கப்பி நகர்ந்து வந்து முதல் கப்பியை முட்டிவிடும். அதற்கு மேல் இழுக்க முடியாது. அதைப் பழையபடி கீழே தள்ளிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். அந்த ஒரு நிமிஷம், தொங்குகிற உயிரைப் பிடித்துக்கொள்வது யார்?

ஒரு முடிச்சு! மெல்லிய கயிற்று வளையத்தைப் பெரிய கயிற்றின் மேல் மூன்று சுற்றுச் சுற்றிவிடுகிறார்கள். பாரம் இல்லாதபோது விரலால் தள்ளினாலே நகரும். பாரம் ஏறியவுடன் உடும்பாகப் பற்றிக்கொள்ளும். ஆஸ்திரியரான கார்ல் புருசிக் 1931இல் இதைப் பற்றி எழுதி உலகறியச் செய்ததால், அவர் பெயராலேயே இதை அழைக்கிறார்கள்.

தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வடம் பிடிக்க ஆயிரம் கை உண்டு. ஆனால் சக்கரத்துக்கு அடியில் சமயம் பார்த்து முட்டுக்கட்டை போடுகிறானே, அவன் ஒரு கணம் அயர்ந்தால் தேர் யார் வீட்டுத் திண்ணைமேல் ஏறுமோ! அப்படிப்பட்ட பொருளைத் தடங்கலுக்குப் பெயராக்கி, வசைச் சொல்லாகவே வைத்துக்கொண்டிருக்கிறோம் நாம்.

1957 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் ஐகர் சிகரத்து வடக்குச் சுவரில் நான்கு பேர் அகப்பட்டுக்கொண்டார்கள். இத்தாலியரான ஸ்டெஃபானோ லோங்கி விழுந்து, ஒரு குறுகிய விளிம்பில் தனியே தங்க நேர்ந்தது. அதற்கு மேலே அவருடைய தோழர் கிளாடியோ கோர்ட்டி கல் விழுந்து காயம்பட்டார். கூட வந்த இரண்டு ஜெர்மானியர் தங்கள் கூடாரத்தை அவருக்கு விட்டுவிட்டு, உதவி தேடி மேலே போனார்கள். பல தேசத்து மலைக்காரர்கள் வேறு பக்கமாகச் சிகரத்தில் ஏறி, எஃகுக் கம்பியில் ஆல்ஃபிரட் ஹெல்லபார்ட் என்பவரை முந்நூறு மீட்டருக்கும் கீழே இறக்கினார்கள். கோர்ட்டியை அவர் முதுகில் கட்டிக்கொண்டார். மேலே இருந்தவர்கள் இழுப்பதும் நிறுத்துவதுமாக, இரண்டு உயிரையும் கரை சேர்த்தார்கள்.

லோங்கியை எடுக்க முடியவில்லை. வானம் கெட்டுவிட்டது. மீட்க வந்தவர்கள் காதில் கடைசியாக விழுந்த அவர் குரல், பசி என்றும் குளிர் என்றும் இரண்டே சொல். அவர் உடலைக் கீழே கொண்டுவர 1959 ஆயிற்று. ஜெர்மானியர் இருவரும் சிகரத்தைத் தாண்டி இறங்கும் வழியில் இறந்திருந்தது 1961இல்தான் தெரிந்தது. தூக்குவதற்கு வேண்டிய பலமெல்லாம் சிகரத்தில் வந்து கூடியிருந்தது. அது எட்டுகிற வரைக்கும் லோங்கியைத் தாங்கிக்கொள்ளத்தான் ஒன்றும் இல்லை.

என் தகப்பனார் ஏழு மாதம் படுக்கையில் கிடந்தார். டாக்டர்கள் வந்தார்கள், ஊசி போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு சாண் மேலே வருவார். அடுத்த டாக்டர், அடுத்த மருந்து வருகிற வரைக்கும் வந்த ஒரு சாணும் நழுவாமல் பார்த்துக்கொண்டவள் என் அக்கா. வேளைக்குக் கஞ்சி, நடு ராத்திரியில் புரட்டிப் படுக்க வைப்பது, தூக்கம் வராதபோது பக்கத்தில் உட்கார்ந்து ஊர் வம்பு பேசுவது. அவர் எழுந்து நடமாடத் தொடங்கியபின் உறவினர் ஒருவர், "டாக்டர் கைராசிக்காரர். இவள் பாவம், சும்மா உட்கார்ந்திருந்தாள்" என்றார். அக்கா சிரித்துக்கொண்டே அவருக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கதை எழுதுகிற எங்களுக்கும் இந்தக் கோணல் உண்டு. இழுக்கிறவனைக் கதாநாயகனாக்கிவிடுவோம், பிடித்துக்கொண்டிருப்பவள் இரண்டு வரியில் வந்து போவாள். கயிறு ஓர் அங்குலம்கூட நகராத அந்த நிமிஷத்தை எப்படிக் கதையாக எழுதுவது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. எழுதினால் அதற்கு அக்காவின் பெயரைத்தான் வைக்க வேண்டும்.