பல்லாவரத்துக் கற்கள்

சென்ற கோடையில் ஜெர்மனி தேசத்திலிருந்து விடுமுறையில் வந்த என் மைத்துனன், எங்கள் தாம்பரத்து வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தான். வந்த அன்று மாலையே கைப்பேசியில் சேர்த்து வைத்திருந்த படங்களை எல்லோருக்கும் காட்டத் தொடங்கிவிட்டான். ரைன் நதி, அதன் இரு கரையிலும் பழங்காலக் கோட்டைகள், கோலோன் நகரத்துப் பேராலயம் எல்லாம் வெகு ரம்மியமாகத்தான் இருந்தன. கடைசியாக வந்தது டுஸ்ஸெல்டார்ஃப் நகருக்கு அருகிலுள்ள நியாண்டர் பள்ளத்தாக்கு. 1856-ஆம் ஆண்டில் சுண்ணாம்புக்கல் வெட்டிய கூலியாட்கள் அங்கே ஒரு குகையில் சில எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். நியாண்டர்தால் மனிதன் என்ற பெயர் அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வந்ததுதான்.

"அத்தான், உங்கள் தாம்பரத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? ரயிலையும் மேம்பாலத்தையும் தவிர?" என்று கேட்டான்.

இருபது வருஷமாகச் சரித்திரம் போதிப்பவனிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது? எனக்கு ரோசம் வந்துவிட்டது. "ஞாயிற்றுக்கிழமை என்னோடு வா, மாப்பிள்ளை" என்றேன்.

அவ்விதமே மனைவி கட்டிக்கொடுத்த புளியோதரைப் பொட்டலத்துடன் நாங்கள் இருவரும், பத்து வயதான என் மகனும் காலை ரயில் ஏறினோம். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். அதன் பிறகுதான் இந்த ஊர்கள் பட்டணத்தோடு ஒட்டிக்கொண்டன. அந்தக் காலத்து மீட்டர் பாதை வண்டி 2004-ல் நின்றுபோயிற்று. இன்றைய அகலப்பாதை வண்டியில் இடம் அதிகம். கூட்டம் அதைவிட அதிகம்.

முதலில் பரங்கிமலை. ஆர்மீனிய வர்த்தகர் ஒருவர் 1726-ல் அமைத்துக்கொடுத்த படிகள் வழியே ஏறினோம். உச்சியில் போர்த்துகேசியர் 1523-ல் எழுப்பிய மாதா கோயில் இருக்கிறது; பஹ்லவி எழுத்துக்கள் பொறித்த பழைய கற்சிலுவையும் இருக்கிறது. ஆனால் நான் மைத்துனனை அழைத்துச் சென்றது வேறொரு விஷயத்தைச் சொல்வதற்காக. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி, இந்த மலையடிவாரத்துச் சமவெளியிலிருந்து பெரும்பாக்கத்துக் குன்று நோக்கிச் சங்கிலி பிடித்து அளக்க ஆரம்பித்தார். மொத்தம் ஏழரை மைல். அந்த ஒரு கோட்டின் மேல் முக்கோணம் முக்கோணமாக அடுக்கிக்கொண்டு போய்த்தான், பிற்பாடு இமயத்துச் சிகரங்களின் உயரத்தையே கணக்கிட்டார்கள். "எவரெஸ்டின் அடிப்படி இங்கேதான் இருக்கிறது" என்றேன். மைத்துனன் வாய் திறக்கவில்லை. நல்ல சகுனம் என்று எண்ணிக்கொண்டேன்.

திரிசூலத்தில் குன்றுகளுக்கு நடுவே திரிசூலநாதர் எழுந்தருளியிருக்கிறார். சோழர் காலத்துக் கோயில். கல்வெட்டுகள் நிறைய உண்டு. கோயிலுக்குள் இருக்கும் அமைதிக்கும் தலைக்கு மேல் பறக்கும் விமானங்களுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. வெளியே வந்து குன்றுகளைப் பார்த்தபோதுதான் என் மனம் சங்கடப்பட்டது. நான் சிறுவனாக இருந்தபோது பம்மல் பக்கத்தில் வெடி வைக்கும் சப்தம் கேட்டு ஜன்னல்கள் அதிரும். அப்போது அது எங்களுக்கு வேடிக்கை. இன்று பல இடங்களில் குன்று பாதியாக நிற்கிறது. வெட்டிய பள்ளத்தில் பச்சை நீர் தேங்கிக் கிடக்கிறது. பட்டணத்து வீடுகளுக்கும் சாலைகளுக்கும் போன ஜல்லியில் எங்கள் குன்றுகளும் சேர்த்திதான். நான் குடியிருக்கும் வீடு மட்டும் ஆகாயத்தில் கட்டியதா என்ன?

நண்பகலில் பல்லாவரம் வந்து சேர்ந்தோம். அங்குள்ள குன்றில் மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்த குகை ஐந்து கருவறைகளுடன் இருக்கிறது. அவனுடைய பட்டப்பெயர்கள் இன்றும் பாறையில் தெரிகின்றன. இப்போது அது தர்கா. அங்கே அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், "வாங்க தம்பி, நிழலில் உட்காருங்க" என்று அன்புடன் இடம் கொடுத்தார்.

நிழலில் இளைப்பாறியபடி முக்கியமான கதையை எடுத்தேன். 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ந் தேதி. பூகர்ப்ப இலாகாவைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற இருபத்தெட்டு வயது இளைஞர், பல்லாவரத்தில் ராணுவ அணிவகுப்பு மைதானத்துக்கு அருகே சரளை வெட்டிய குழியில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். மனிதக் கை செதுக்கிய கல். இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்தார்கள் என்பதற்கு முதல் சாட்சி அதுதான். நியாண்டர் எலும்பு கிடைத்து ஏழே வருஷம்! அதே ஆண்டில் அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகள் அகப்பட்டன. அங்கு கிடைத்தவற்றுள் மிகப் பழையவை சுமார் பதினைந்து லட்சம் வருஷத்தவை என்று 2011-ல் ஆராய்ச்சியாளர் கணித்தார்கள்.

"அந்தக் குழி எங்கே, அப்பா?" என்றான் மகன்.

வெயிலில் ஒரு மணி நேரம் சுற்றினோம். பழைய படம் ஒன்றை அச்சிட்டு எடுத்துப் போயிருந்தேன். படத்தில் மைதானம் இருந்த இடமெல்லாம் வீடுகள். டீக்கடையில் கேட்டோம், தபால்காரரைக் கேட்டோம். எங்கள் கண்ணில் ஒரு பெயர்ப்பலகைகூடப் படவில்லை. மைத்துனன் பரிகசிப்பான் என்று எதிர்பார்த்துத் தலை குனிந்து நின்றேன்.

"அங்கேயும் தொலைத்தவர்கள்தான், அத்தான். கல் வெட்டி வெட்டிக் குகையையே இல்லாமல் செய்துவிட்டார்கள். இடமும் மறந்துபோயிற்று. 1997-ல் இரண்டு பேர் பழைய குறிப்புகளை வைத்துக்கொண்டு தேடி, அன்று வெளியே கொட்டிய மண்ணைத் தோண்டினார்கள். அதில் கிடைத்த துண்டொன்று 1856-ஆம் வருஷத்துத் தொடையெலும்போடு கச்சிதமாகப் பொருந்தியது" என்றான்.

நூற்று நாற்பத்தொரு வருஷம் கழித்து! நான் அந்த அச்சுப்படத்தை மறுபடி பிரித்துப் பார்த்தேன்.

மாலையில் பல்லாவரம் பிளாட்பாரத்தில் அமர்ந்திருந்தபோது, மகன் சட்டைப் பையிலிருந்து குன்றடியில் பொறுக்கிய சாம்பல் நிறச் சில்லு ஒன்றை எடுத்தான். "இது கற்கோடரியா?" கற்கோடரி அல்ல, ஃபூட் எடுத்தது வேறு ஜாதிக் கல். ஆனால் இதற்கும் பெருமை உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் சமாதியில் பதித்திருப்பது இந்தப் பக்கத்துக் கல்தான். ஹாலந்து என்ற பூகர்ப்ப சாஸ்திரி 1893-ல் அதற்கு 'சார்னோக்கைட்' என்று பெயரிட்டார். அதன் வயது சுமார் இருநூற்றைம்பது கோடி வருஷம்.

ஊருக்குப் புறப்படுகிற அன்று மைத்துனன் மருமகனிடம் கெஞ்சி அந்தச் சில்லை வாங்கிக்கொண்டான். "பெட்டி கனம் கூடுமேடா!" என்றாள் என் மனைவி. அவன் இரண்டு சட்டைகளை எடுத்து வெளியே வைத்தான்.