அறுநூற்றுத் தொண்ணூறு ரூபாய்

கொள்ளேகாலில் எங்கள் தெருவுக்குப் படித்தவன் நான்தான். பட்டு நூல் கடையில் கணக்கு எழுதுகிறேன். 1956 வரை இந்த ஊர் கோயம்புத்தூர் ஜில்லாவோடு இருந்தது. தமிழ் பேசும் வீடுகள் இன்னும் உண்டு. ஆனால் இப்போது கர்நாடகம் என்பதால் ஆபீஸ் காகிதமெல்லாம் கன்னடத்தில்தான் வரும். பேச வரும், எழுத வராது என்கிறவர்களுக்கு மனு, படிவம் எல்லாம் நான்தான் எழுதிக் கொடுப்பேன்.

2021 ஆகஸ்டில் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு இ-ஷ்ரம் அட்டை வந்தது. பதிவு இலவசம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் தறிக்காரர்கள், தார் சுற்றுகிறவர்கள் என்று 23 பேரிடம் ஆளுக்கு 50 ரூபாய் வாங்கினேன். சேவை மையத்தில் போய் உட்காரச் சோம்பல். வாட்ஸ்அப்பில் ஒருவன் ஆளுக்கு 20 ரூபாய்க்கு முடித்துத் தருவதாகச் சொன்னான். அவன் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. ஆதார், பாஸ்புக் முதல் பக்கம், பான் கார்டு இருந்தவர்களுக்கு அதுவும். கடை மேஜையில் நூல் கட்டை ஒதுக்கிவிட்டு ஒவ்வொன்றாகப் படம் பிடித்து அனுப்பினேன். ஓடிபி வந்தபோது வீடு வீடாகப் போன் போட்டுக் கேட்டு அவனுக்குச் சொன்னதும் நான்தான். அட்டைகள் ஒழுங்காகவே வந்தன. கையில் 690 ரூபாய் நின்றது. பையனுக்குச் செருப்பு வாங்கினேன்.

2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் ஓர் அறிக்கை விட்டது. ஆதார் நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள், கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று. படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. இரண்டே நாளில், மக்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்று மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. நான் அனுப்பிய படங்களை யார் திரும்பப் பெறுவது? அதை யோசிக்கவில்லை. யோசிக்கப் பிடிக்கவில்லை என்பதுதான் சரி.

மறு வருஷம், தார் சுற்றும் அக்கா ஒருவர் கடைக்கு வந்தார். வாங்காத கடனுக்கு எவனோ போனில் கெட்ட வார்த்தை பேசுகிறானாம். 18,000 ரூபாயாம். ஒருவர் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று காட்டும் சஞ்சார் சாத்தி தளத்தில் அவர் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். அவர் பெயரில் மூன்று சிம். அவரிடம் இருப்பதோ ஒரே ஒரு பட்டன் போன். மற்ற இரண்டும் அவருடையவை அல்ல என்று புகார் பதிந்தேன். சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அடித்தேன். வருஷத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் கடன் அறிக்கையை எடுத்து, அதில் இருந்த அந்தக் கடனை மறுத்து ஆட்சேபம் அனுப்பினேன். எல்லாம் ஒரே மாலையில். அன்றைக்கு அப்படி ஒரு சுறுசுறுப்பு.

சாமராஜநகர் போலீசுக்குப் போக வேண்டிய புகாரைக் கன்னடத்தில் எழுதும்போதுதான் பேனா நின்றது. ஆதார் நகல் யார் கைக்குப் போயிருக்கும்?

"எங்கேயும் குடுக்கல தம்பி. ஒரு தடவை உன்கிட்ட குடுத்தேன், அவ்வளவுதான்" என்றார். சந்தேகமே இல்லாத குரல். என்னிடம் இருப்பதால் அந்த நகல் பத்திரமாக இருக்கும் என்ற அர்த்தத்தில் சொன்னார்.

ஏதோ ஜெராக்ஸ் கடையில் தவறியிருக்கலாம் என்று எழுதினேன். படித்துக் காட்டவில்லை. போலீசுக்கு உதவக்கூடிய ஒரே துப்பு, அந்த வாட்ஸ்அப் எண், என் சட்டைப்பைப் போனில் இருந்தது. அதையும் கொடுக்கவில்லை. அக்கா கட்டைவிரலில் மை தடவி என் பொய்க்குக் கீழே அழுத்தினார். முப்பது வருஷமாக நூல் ஓடித் தேய்ந்த விரல். ரேகையே இல்லை, நீலமாக ஒரு பொட்டு மட்டும் விழுந்தது.

கடன் அவர் பெயரிலிருந்து நீங்கியது. தெருவில் எனக்குப் பேர் இன்னும் கூடியது.

அதே 2023-ல் இன்னொரு செய்தி. கர்நாடகத்தில் பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகையை நகலெடுத்து, ஆதார் வழியாக வங்கிக் கணக்கிலிருந்து பணத்தை உருவியிருக்கிறார்கள். பயந்துபோய் அக்காவின் கைரேகையை ஆதாரில் பூட்டி வைத்தேன். பூட்டினால் ரேஷன் மிஷினிலும் விரல் செல்லாது. தற்காலிகமாகத் திறந்தால் பத்து நிமிஷம், பிறகு தானாகப் பூட்டிக்கொள்ளும். அதனால் மாதாமாதம் அவரோடு ரேஷன் வரிசையில் நானும் நிற்கிறேன். முறை வந்ததும் திறந்துவிடுவேன். விரலைப் புடவையில் துடைத்துத் துடைத்து வைப்பார். மூன்றாவது தடவைதான் மிஷின் ஏற்கும். திரும்பும்போது முருங்கைக்காயோ எலுமிச்சையோ கையில் திணிப்பார். வாங்கிக்கொள்கிறேன். இதை அவர் படிக்கமாட்டார். அந்தத் தைரியத்தில்தான் எழுதவும் செய்கிறேன்.

மீதி 22 பேருக்கு இன்னும் எதுவும் சொல்லவில்லை. அவர்களில் நாலைந்து பேர் எப்போதும் அதே வரிசையில் இருப்பார்கள். போன மாதம் ஒரு தறிக்காரர் என் தோளைத் தொட்டார்.

"அண்ணா, எங்களுக்கும் அந்தப் பூட்டைப் போட்டு விடுங்களேன். ஆளுக்கு எவ்வளவு ஆகும்?"